புகையிலை பைப் களகளவென்றால்: மும்பை மழைக்காலத்தில் கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு மாமா இருக்கிறார். கப்பலில் சீஃப் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பைப் பிடிக்கத் தொடங்கிய முதல் ஆடி மாதத்தில், நாலு முறை பற்றவைத்தும் நிற்காத பைப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. "நீ இழுடா, நான் கேக்கறேன்" என்றார். இரண்டு இழுப்பு இழுத்தேன். "உள்ள தண்ணி நிக்கறது. புகையிலை ஈரமா இருக்கு. பைப்புல ஒண்ணுமில்ல. போய்க் காயவெச்சுட்டு வா."

இஞ்சின் ரூமில் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுப் பழகியவர் அவர். அந்தப் பழக்கத்தை அப்படியே பைப்புக்குக் கொண்டுவந்திருந்தார். முதலில் காது, அடுத்து கை, பிறகு கண். நாக்கு கடைசி. நாக்குக்குத் தெரியும்போது கெடுதல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும் என்பார். கீழே இருப்பது அவரிடம் கேட்டதும், அதற்குப் பிறகு பல மழைக்காலங்களில் நானே பார்த்ததும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஏற்கெனவே பைப் பிடிப்பவர்களுக்காக எழுதியது. தொடங்காதவர் யாரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். காரணம் நாக்கைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. பைப் பிடிப்பவர்களும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கையேடுகளில் புகையிலை காய்ந்துபோகாமல் காப்பது எப்படி என்பதுதான் பெரிய அத்தியாயம். நமக்கு நேர் எதிர். இங்கே வருகிற கோளாறுகளில் முக்கால்வாசியின் வேரைத் தோண்டினால் ஈரம்தான் கிடைக்கும்.

பற்றவைத்தாலும் அணைந்து அணைந்து போகிறது

பைப்பைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் புகையிலையைப் பாருங்கள். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி விடுங்கள். அழுத்திய வடிவத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் அதிகம். சோம்பல் முறிப்பதுபோல மெதுவாக விரிந்தால் சரியான பதம். நொறுங்குகிற சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பது மாதிரிதான் இதுவும். பத்து இருபது தடவை செய்தால் விரல் தானாகச் சொல்லிவிடும்.

காயவைப்பதில்தான் மும்பைக்காரர்கள் தவறுகிறார்கள். ஜூலையில் ஜன்னலோரம் பரப்பி வைத்தால் புகையிலை காயாது, காற்றிலிருந்து இன்னும் ஈரத்தைக் குடிக்கும். ஏ.சி. ஓடுகிற அறை இருந்தால் அதுவே போதும். ஏ.சி. காற்றிலிருக்கும் நீரைப் பிரித்து வெளியே சொட்டவிடுகிறது அல்லவா, அதனால் அந்த அறையின் காற்று உலர்ந்திருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏ.சி. இல்லை. நான் ஒரு எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் தாள் விரித்து, ஒரு தடவைக்கு வேண்டிய புகையிலையை மட்டும் மெலிதாகப் பரப்பி, டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸின் மேல் வைக்கிறேன். அதன் வெதுவெதுப்பில் அரை மணி நேரத்தில் பதம் வந்துவிடும். ஆறவிட்டுத்தான் சிட்டிகை பார்ப்பேன். பட்டையாக அழுத்தி வெட்டிய ஃபிளேக் புகையிலை என்றால் முதலில் உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்துவிட்டுப் பரப்ப வேண்டும். பட்டையாகவே வைத்தால் மேல்புறம் காய்ந்து நடு ஈரமாக நிற்கும்.

டெல்லி கரோல்பாகில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இந்தக் கவலையே கிடையாது. மே மாதத்தில் வீசும் லூ என்ற வறண்ட வெப்பக்காற்றில் திறந்துவைத்த புகையிலை கால் மணி நேரத்தில் பொடியாகிவிடுகிறது என்கிறான். அவன் பாட்டிலை மூடி வைக்கப் பாடுபடுகிறான், நான் திறந்து காயவைக்கப் பாடுபடுகிறேன். ஊரைப் பார்த்துத்தான் வைத்தியம்.

செர்ரி, வெனிலா என்று மணம் கூட்டிய புகையிலைகளுக்கு மட்டும் சிட்டிகைச் சோதனை பொய் சொல்லும். அவற்றில் பெரும்பாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கப் புரோப்பிலீன் கிளைகால் சேர்க்கிறார்கள். எவ்வளவு நேரம் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. அதற்காகக் காயவைத்துக்கொண்டே இருந்தால் மணம்தான் போகும். மழைக்காலத்தில் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் தீர்மானம். இங்கே அந்த நான்கு மாதமும் அவை எனக்குச் சரியாக எரிந்ததே இல்லை.

புகையிலை பதமாக இருந்தும் அணைந்தால், நிரப்பிய விதத்தைப் பாருங்கள். தேங்காய்த் துருவல் கிண்ணத்தில் விழுவதுபோல அடியில் உதிரியாக விழவேண்டும். மேலே வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூடலாம். கொழுக்கட்டைக்குப் பூரணம் அடைப்பதுபோல அமுக்கினால் காற்றுக்கு வழி இருக்காது. பற்றவைப்பதற்கு முன்னாலேயே ஒரு முறை வெறுமனே இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் உறிஞ்சும்போது இருக்கிற அளவு லேசான தடை தெரிய வேண்டும். தடையே இல்லாவிட்டால் தளர்வு, கன்னம் உள்ளே குழிந்தால் இறுக்கம். இறுகியிருந்தால் குத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். ஒரு நிமிட வேலை.

முதல் நெருப்பு வெறும் முன்னோட்டம். மேல்பரப்பு முழுக்கச் சுடர் படும்படி வட்டமாகக் காட்டினால் புகையிலை எழும்பி வரும். அதை மெல்ல அமர்த்திவிட்டு இரண்டாம் முறை பற்றவைத்தால்தான் நெருப்பு நிலைக்கும். அமர்த்துவதற்கு நான் வைத்திருப்பது ஹார்ட்வேர் கடையில் வாங்கிய மூன்று அங்குல ஆணி. அதன் தட்டையான தலை புகையிலைமேல் உட்கார்ந்தால் ஆணியின் கனமே போதும், கை அழுத்தக் கூடாது.

தீக்குச்சியையும் சொல்ல வேண்டும். சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற அருமையான தீப்பெட்டி, ஜூலையில் அலமாரியில் பத்து நாள் கிடந்தால் உரசு பட்டை நமத்துப்போய் மருந்து பெயர்ந்து வரும். மூடி இறுகிய டப்பாவில் அடியில் வறுத்த அரிசி ஒரு கை போட்டு அதன்மேல் தீப்பெட்டியை வைக்கிறேன். உப்பு ஜாடியில் அம்மா போடுவாளே, அதே அரிசிதான். குச்சியை உரசியதும் தலைமருந்து எரிந்து தீரும்வரை பொறுத்து, மரம் எரியத் தொடங்கிய பிறகே புகையிலையிடம் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே கந்தக நெடி.

எல்லாம் முடிந்து சாம்பலைத் தட்டும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் உதிரியாகக் கொட்டினால் அந்தத் தடவை நன்றாக எரிந்திருக்கிறது. அடியில் கறுப்பாக, ஈரமாக ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்த தடவை இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகக் காயவைக்க வேண்டும். என் தாத்தா உறையூர்ச் சுருட்டின் சாம்பலை உதிர விடாமல் நீளமாக வளர்த்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. சுருட்டு எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்று அதில் படித்துக்கொண்டிருந்தார்.

இழுக்கும்போது களகளவென்று சத்தம்

சத்தம் வந்த பிறகு கேட்பது எளிது. அதற்கு முன்னால் வருவது ஒன்று உண்டு: இழுப்பு திடீரென்று கனமாகும், புகை கொஞ்சம் ஈரமாகத் தெரியும், சத்தம் இன்னும் வந்திருக்காது. அந்த இடத்திலேயே நிறுத்திச் சுத்தம் செய்தால் களகள வரவே வராது. இது கைவர எனக்கு ஓராண்டு ஆனது.

நீர் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு புகையிலையில் இருந்த ஈரம். மீதி எரிவதாலேயே பிறக்கிறது. இலையில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் நீராவிதானே ஆகும்? அதனால் எலும்பாகக் காய்ந்த புகையிலையும் கொஞ்சம் நீர் விடும். சூடான புகை, புகையிலை எரிகிற குழியான பவுலை விட்டு, அதிலிருந்து நீளும் குளிர்ந்த காம்புக்குள் நுழைந்ததும், இட்லிப் பானை மூடியில் முத்து முத்தாக நிற்குமே, அப்படித் துளிர்த்து அடியில் தேங்குகிறது.

செய்ய வேண்டியது: காம்பில் செருகி வாயில் வைக்கிற ஸ்டெம்மைக் கழற்றாமல், வாய்ப்பக்கத்திலிருந்து பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) மெல்ல உள்ளே விட்டுப் பவுலின் அடியில் முட்டும்வரை கொண்டுபோங்கள். நாலு விநாடி அங்கேயே இருக்கட்டும். பிறகு உருவுங்கள். பழுப்பாக நனைந்து வரும். உள்ளே ஊதி வெளியேற்றப் பார்த்தால் அந்த நீர் எரிகிற புகையிலைக்குள்தான் போகும், நெருப்பும் கெடும்.

கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் பஞ்சுக் கம்பிகளைப் பைப் கிளீனர் என்று வாங்கி வந்துவிடாதீர்கள். குழந்தைகள் பொம்மை செய்வதற்கான அவற்றில் சாயம் இருக்கும், இழை உதிர்ந்து உள்ளேயே தங்கும், நீரையும் உறிஞ்சாது. நல்ல கிளீனர் தீர்ந்துபோன ஒரு மழை வாரத்தில் என் மனைவி பூஜை அலமாரியிலிருந்து நூல் திரியை எடுத்துக் கொடுத்தாள். மெல்லிய செம்புக் கம்பியை இரண்டாக மடித்து, நடுவில் திரியைச் சிக்கவைத்து முறுக்கினால், கடையில் வாங்குவதைவிட நன்றாகவே உறிஞ்சுகிறது. கம்பியின் முனையை உள்பக்கம் வளைத்துவிடுங்கள், துளையைக் கீறாமல் இருக்கும்.

புகையிலை காய்ந்திருக்கிறது, மெதுவாகத்தான் இழுக்கிறீர்கள், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் களகளவென்றால், கிளீனர் உள்ளே போகும்போது எங்கே தட்டுகிறது என்று விரலால் கவனியுங்கள். ஸ்டெம்மும் காம்பும் சேருமிடத்தில் தட்டினால், இரண்டு துளைகளும் நேர்க்கோட்டில் இல்லை, அல்லது நடுவில் இடைவெளி இருக்கிறது. அங்கே புகை சுழன்று நீர் சேரும். அது செய்தவர் விட்ட பிழை. உங்கள் இழுப்பைக் குறைசொல்லி மாதக்கணக்கில் வருந்த வேண்டாம்.

பவுல் கையில் சுடுகிறது

கையை நம்பாதீர்கள். சூட்டுக்கு விரல் சீக்கிரம் பழகிவிடும். பவுலைக் கன்னத்தில் வையுங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தால் சரி. இரண்டிலேயே எடுக்கத் தோன்றினால் பைப்பைக் கீழே வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும். அணைவதற்குப் பயந்து விடாமல் இழுப்பதுதான் சூட்டுக்குக் காரணம். பேசிக்கொண்டே, வேலை செய்துகொண்டே பிடித்தால் இழுப்பு தெரியாமல் வேகமாகும். மூச்சு விடுகிற தாளத்திலேயே, புகை வருகிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெலிதாக இழுங்கள். வாயிலிருந்து ரயில் இஞ்சின் மாதிரி வெள்ளைப் புகை வந்தால் அது அதிகம்.

பால்கனிக் காற்று இன்னொரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நேராக வந்து பவுலில் துருத்தி ஊதும். நீங்கள் இழுக்காமலே உள்ளே நெருப்பு சிவந்துகொண்டிருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருங்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை என்பதால் நமக்கு மிஞ்சியது சொந்த பால்கனிதான். அங்கேயும் மேல்மாடியில் குழந்தை இருக்கிற வீடா, துணி காய்கிறதா என்று பார்த்துத்தான் நான் பற்றவைக்கிறேன். எங்கள் மேல்மாடியில் கைக்குழந்தை இருந்த ஒன்றரை வருடம் பால்கனியில் பிடிக்கவே இல்லை.

பவுல் முழுக்க ஒரே மாதிரி சுட்டால் பயமில்லை. ஒரு இடம் மட்டும், ஒரு பைசா அளவில், மற்ற இடத்தைவிடச் சுட்டால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் வெளியே வார்னிஷ் நிறம் மாறுகிறதா, சிறு கொப்புளம் எழுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இருந்தால் உள்ளே மரமே எரிந்துகொண்டிருக்கிறது. பைப் செய்கிற ப்ரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்து எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் அடியில், வேரும் தண்டும் சேருமிடத்தில், மண்ணுக்குள் வளரும் முண்டு. அதைத் துண்டு போட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் கடைகிறார்கள். பிரான்சின் சான் க்ளோத் ஊர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பேர்பெற்றது. மண்ணுக்குள் வளர்வதால் அந்த முண்டுக்குள் சில சமயம் மணல் புதைந்த குழி ஒளிந்திருக்கும். அங்கே சுவர் மெலிந்து முதலில் தீப்பிடிக்கும்.

புதிய பைப்பின் உள்சுவரில் கரி படியும்வரை அதனிடம் பொறுமையாக இருங்கள். அந்தக் கரிப்பூச்சுதான் மரத்துக்குக் கவசம். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் அளவு இருந்தால் போதும். அதற்குமேல் போனால் சூட்டில் கரியும் மரமும் வெவ்வேறு அளவில் விரிந்து பவுல் வெடிக்கலாம். பேனாக்கத்தியால் சுரண்டாதீர்கள். உப்புத்தாளை விரலில் சுற்றி மெல்லச் சுழற்றுங்கள்.

நாக்கு எரிகிறது

எரிச்சலில் இரண்டு வகை உண்டு. நாக்கு நுனியில், கொதிக்கும் காபியை அவசரமாகக் குடித்த மாதிரி எரிந்தால் அது நீராவிச் சூடு. ஈரப் புகையிலையும் வேக இழுப்பும் சேர்ந்தது. நாக்கின் ஓரங்களில் அன்னாசிப்பழம் தின்ற மாதிரி குத்தினால் அது புகையிலையின் குணம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்பது. சூடேற்றிய காற்றில் பதப்படுத்தும் வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம். மைசூருக்குப் பக்கத்தில் ஹுன்சூர், பிரியாபட்டணா வட்டாரத்தில் விளைவது அந்த வகைதான். நிழலில் காற்றாட உலர்த்தும் பர்லி இலையில் சர்க்கரை அநேகமாக இருக்காது, அதன் புகை காரத்தன்மை கொண்டது. ஒருவருக்கு ஒன்று கடிக்கும், இன்னொருவருக்கு மற்றது. வகையை மாற்றிப் பார்த்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்கு முன்னால், எரிச்சல் தீரும்வரை மோரும் தயிர்சாதமும் சாப்பிட்டு, ஊறுகாயை ஒதுக்கி, பைப்பை அலமாரியில் வையுங்கள். எரிகிற நாக்கோடு பிடித்தால் கோளாறு எது, புண் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

பிரித்தறிவது முக்கியம். நாக்கு எரிச்சல் இரண்டு மூன்று நாளில் போகும். போகாமல் வாயில் ஒரு புண் இரண்டு வாரம் தாண்டி நின்றால், வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தால், கன்னத்துக்குள் ஒரு இடம் தடித்திருந்தால், விழுங்கும்போது ஒரே பக்கம் வலித்தால், அது பைப்பின் கோளாறு அல்ல. புகையிலையை மாற்றிப் பார்க்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து பார்த்துச் சந்தேகத்தைச் சொல்ல ஒரு பல் மருத்துவர் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பரேலில் 1941 முதல் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பைப் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் தாமஸ் சோமரிங் 1795-லேயே எழுதி வைத்துவிட்டார். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். வாயும் உதடும் தொண்டையும் எங்கே போகும்?

மாமா பைப்பை எப்போதும் இடது ஓரத்தில்தான் கடிப்பார். அந்தப் பக்கக் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு. ஸ்டெம் உரசியதாக இருக்கும் என்று மூன்று மாதம் விட்டுவிட்டார். கப்பலில் ஒரு பேரிங்கின் சத்தம் லேசாக மாறினாலே தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர், தன் கன்னத்துக்கு மூன்று மாதம் தள்ளிப்போட்டார். சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்று இல்லை என்று வந்தது. ஆனால் இப்படியே போனால் ஆகலாம் என்று சொல்லி, புகையிலையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டார். அதன்பிறகு நான் மாதம் ஒருமுறை, பல் தேய்த்தபின், கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் இழுத்து, நாக்கைத் தூக்கி அடியிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். வாரத்தில் பிடிக்கிற தடவையையும் இரண்டாகக் குறைத்துவிட்டேன்.

தலை சுற்றுகிறது, விக்கல் வருகிறது, வியர்க்கிறது

நிகோடின் அதிகமாகிவிட்டது. காரத்தன்மையுள்ள புகையிலிருந்து அது வாயின் தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போகும். பைப்பை வையுங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏதாவது இனிப்பு வாயில் போடுங்கள். வெறும் வயிற்றில் பிடிக்கக் கூடாது. விக்கல்தான் பெரும்பாலும் முதல் மணி. அது அடித்ததும் நிறுத்தினால் மற்ற இரண்டும் வராது.

ருசி மாறிவிட்டது

பைப்பில் எது மாறினாலும் உங்கள் மூக்குக்குக் கடைசியில்தான் தெரியும். பற்றவைத்துப் பத்து நிமிடத்தில் மூக்கு பழகி மரத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இதற்கு நல்ல கருவி என் மனைவிதான். பால்கனியிலிருந்து உள்ளே வந்ததும் சட்டையில் இருக்கிற வாசனையை வைத்தே, "என்னங்க, இன்னிக்கு வேற டப்பாவா?" என்று கேட்பாள். டப்பா அதேதான் என்றால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது.

ஒருமுறை நல்ல வர்ஜீனியாவில் குழம்பு வாசனை அடித்தது. இரண்டு வாரம் பைப்பைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், இடமில்லை என்று அந்தப் பாட்டிலைச் சமையலறை அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பிளாஸ்டிக் மூடியைத் தாண்டிப் பெருங்காயம் உள்ளே போய்விட்டது. இலை சுற்றியுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும். தகர டப்பாக்களும் இங்கே கடல்காற்றில் விளிம்பில் துருப்பிடித்து மூடியின் பிடி போய்விடும். ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடி வாங்குங்கள், சமையலறையில் வைக்காதீர்கள், ஊறுகாய் இருந்த ஜாடியைக் கழுவிப் பயன்படுத்தவும் வேண்டாம்.

மரமும் மணத்தைப் பிடிக்கும். விறகுப் புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா புகையிலையை ஒரு பைப்பில் நாலு தடவை போட்டால் ஐந்தாவது தடவை எதைப் போட்டாலும் லட்டாக்கியாதான். அதற்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிடுங்கள். புதிதாக எதையாவது சுவைத்துப் பார்க்கச் சோளக்கட்டை பைப் உத்தமம். அமெரிக்காவின் மிசௌரியில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் அதைச் செய்து வருகிறார்கள். விலை குறைவு, ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். மழைக்காலத்துக்கு ப்ரையரைவிட அதையே சிபாரிசு செய்வேன்.

பழைய மணத்தை எடுக்க: பவுலில் பஞ்சை அடைத்து, ரம்மோ வோட்காவோ சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்து, ஒரு இரவு விடுங்கள். காலையில் பஞ்சு தேயிலைச் சாறு நிறத்தில் இருக்கும். பிறகு ஒரு வாரம் காயவேண்டும், மழைக்காலத்தில் இரண்டு வாரம். உப்பு நிரப்பிச் செய்பவர்களும் உண்டு. இந்த ஈரத்தில் அதை நான் செய்யமாட்டேன். ஹார்ட்வேர் கடை ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், அதில் மெத்தனால் கலந்திருக்கும்.

உதட்டில் ரப்பர் கசப்பு தெரிந்தால் ஸ்டெம்மைப் பாருங்கள். கறுப்பு எபொனைட், கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் பச்சை கலந்த பழுப்பாக மாறிக் கந்தக ருசி விடும். மென்மையான பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் போகும். ஜன்னலோரம் வைக்காதீர்கள். அக்ரிலிக் ஸ்டெம்முக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பல்லுக்கு அது கல் மாதிரி இருக்கும்.

புகையிலைமேல் வெள்ளையாக ஏதோ

பூதக்கண்ணாடியில் பாருங்கள். உப்புத்தூள் மாதிரி மின்னினால் இலையிலிருந்து வெளிவந்த படிகம், பயமில்லை. பஞ்சு மாதிரி, சிலந்தி நூல் மாதிரி இருந்தால் பூஞ்சை. பூட்டிய வீட்டின் மக்கல் வாடையும் அடிக்கும். பூஞ்சையானால் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பிடிப்பது கூடாது. பைப்பின் காம்புக்குள்ளும் இதே பூஞ்சை வரும். அதனால் ஜூலை, ஆகஸ்டில் ஒரு பைப்பைப் பிடித்தபின் குறைந்தது மூன்று நாள் ஓய்வு கொடுத்து, உள்ளே ஒரு கிளீனரை விட்டே வையுங்கள். தோல் பையில் போட்டு மூடாதீர்கள்.

ஸ்டெம் கழறவில்லை, அல்லது ஆடுகிறது

சூடாக இருக்கும்போது ஸ்டெம்மைத் திருகினால், உள்ளே நுழைந்திருக்கும் முனை ஒடிந்து காம்புக்குள்ளேயே நின்றுவிடும். என் முதல் பைப் அப்படித்தான் போனது. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சூட்டோட எதையுமே தெறக்கப்படாது. ஆறட்டும்னு விடணும்" என்றார்.

ஒரு மணி நேரம் ஆறிய பிறகும் அசையாவிட்டால், ஈரத்தில் மரம் உப்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜிப் வைத்த உறையில் போட்டு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஸ்டெம் மரத்தைவிட அதிகம் சுருங்கும். எடுத்ததும் காம்பை இடது கையால் சேருமிடத்துக்கு ஒட்டிப் பிடித்து, வலது கையால் ஒரே திசையில் திருகிக்கொண்டே இழுங்கள். பவுலைப் பிடித்துத் திருகினால் காம்பு முறியும். கழன்றதும் உள்ளே ஒட்டியிருக்கும் தாரைச் சாராயத்தில் நனைத்த கிளீனரால் துடைத்து, முனையில் பென்சில் கரியைத் தடவுங்கள். அடுத்த தடவை வழுக்கிக்கொண்டு வரும்.

ஜனவரியில் இதே ஸ்டெம் லொடலொடவென்று ஆடும். உடனே சூடுகாட்டி முனையை அகலமாக்க வேண்டாம். அப்படிச் செய்த பைப்புகள் மழைக்காலத்தில் இறுகிக் காம்பைப் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆடுவது பொறுக்கவில்லை என்றால் முனையில் தேன்மெழுகை மெலிதாகப் பூசிக்கொள்ளுங்கள். ஜூனில் மழை தொடங்கி ஒரு வாரம் கழித்து மெழுகைத் துடைத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள்.